யார் கைப் பாகம்?

சாரின் குடை இன்னும் எங்கள் ஆபீசில், தண்ணீர்க் கேனுக்கு மேலே உள்ள ஆணியில்தான் தொங்குகிறது. கறுப்புத் துணி, வளைந்த மரப்பிடி, பிடியில் அவர் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டிய மஞ்சள் கயிறு. தூத்துக்குடியில் மழை என்பது கலியாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி, தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். வெயிலுக்குப் பிடிக்கலாமென்றால் அவர் பைக்கில் வந்து போகிறவர். அந்தக் குடையை அவர் வைத்திருந்தது பேசுவதற்காக. யாராவது, பெரும்பாலும் நான், "சார், இது மத்த ப்ராசஸர்ல போக மாட்டேங்கு" என்று ஆரம்பித்தால் போதும். நாற்காலியைச் சுழற்றுவார். கையை நீட்டிக் குடையை எடுப்பார். விரிக்காமலேயே தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கேட்பார்:

"கொழும்புல மழை பெஞ்சா தூத்துக்குடியில குடை பிடிப்பியாளா?"

ஆபீசே சிரிக்கும். முதல் வருஷம் நானும் சிரித்தேன். கடற்கரையில் பிறந்த எனக்கு அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்று இப்போது யோசிக்கிறேன். கொழும்புப் பக்கம் மேகம் கட்டினால் எங்கள் ஊரில் வலையைச் சுருட்டுவார்கள், வள்ளத்தைக் கரைக்கு மேலே இழுத்துப் போடுவார்கள். அங்கே பெய்வதுதான் நாளைக்கு இங்கே வரும். சார் தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற நெல்வயல் ஊர்க்காரர். அவருக்கு மழை என்றால் வாய்க்காலில் வருவது.

சார் இப்போது பெங்களூரில் பெரிய வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு ஒரு பாராட்டு மலர் போடுகிறார்களாம், கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "நீங்க எழுதினா சார் ரொம்ப சந்தோசப்படுவாருக்கா" என்று மலர் வேலை பார்க்கிற பிள்ளை சொல்லிவிட்டுப் போனது. சந்தோஷப்படுகிற மாதிரி எழுத எனக்கு வரவில்லை. எத்தனையோ தடவை ஆரம்பித்தேன். "அன்பும் பண்பும் நிறைந்த" என்று எழுதினால் பேனா அதற்குமேல் போக மாட்டேன் என்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் கீழவைப்பார்க்காரி. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. கொஞ்ச காலம் இறால் கம்பெனியில் தலை கிள்ளினேன். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப் போகும், இரவு படுத்தால் கை என்னுடையதாகவே இருக்காது. அங்கிருந்துதான் இந்த ஆபீசுக்குப் பெட்டி பேக்கிங் வேலைக்கு வந்தேன். படகுகளில் வைக்கிற சின்னப் பெட்டி அது. படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லும். பெட்டியின் தலையில் ஒரு ஆரஞ்சுப் பொத்தான், ஆபத்து வந்தால் அமுக்க. நான் மூடியை முறுக்கி, அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எனக்குப் பிறவியிலேயே பயம். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். கேஸை அணைத்தோமா என்று பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறேன். அதனால் ஒட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு பெட்டியையும் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். ஒருநாள் சார் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னளா, பிள்ளைக்குக் கிலுக்கு ஆட்டுத மாதிரி ஆட்டுத?"

"உள்ள ஸ்க்ரூ கழண்டு கெடந்தா, சார்?"

அவர் ஒரு பெட்டியை வாங்கி ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லை. இருந்தாலும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தப் பயம் இருக்கவதான் டெஸ்டிங்குக்கு வேணும்" என்றார். அடுத்த வாரம் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். பட்டம் வாங்கிய பிள்ளைகள் அத்தனை பேர் இருக்க, ஒன்பதாம் வகுப்புக்காரியை. எந்தக் கட்டளை எதற்கு என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நான் தப்பாக அடித்துக் கம்ப்யூட்டர் நின்றுபோனால் திட்ட மாட்டார், "கம்ப்யூட்டருக்கும் டீ டைம் வேணும்லா" என்பார். இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அது பொய். இதையெல்லாம் செய்த மனுஷன்தானே என்று நினைக்கும்போதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

பெயரும் அவர் வைத்ததுதான். பெட்டிக்குள் ஓடுகிற நிரலை, அதாவது புரோகிராமை, இயந்திரம் படித்துப் பார்க்கும்போது பெரிய தப்பு இருந்தால் சிவப்பில் எரர் என்று காட்டும், வேலை அங்கேயே நின்றுவிடும். சந்தேகம் மட்டும் இருந்தால் மஞ்சளில் வார்னிங் என்று ஒரு வரி சொல்லிவிட்டு, தன்பாட்டில் மேலே போகும். யாரும் மஞ்சளைப் பார்ப்பதில்லை. நான் ஒவ்வொரு மஞ்சள் வரியையும் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். "ஏளா வார்னிங், இன்னைக்கு என்ன?" என்று அவர் ஒருநாள் கூப்பிட்டார். அன்றிலிருந்து ஆபீசில் எனக்கு வார்னிங் என்றுதான் பெயர். வாட்ச்மேன் அண்ணாச்சிகூட "வார்னிங் வந்தாச்சு, மழை வரும்" என்பார்.

என் வேலையைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர், போன், படகுப் பெட்டி என்று எதுவானாலும் அடியில் கெர்னல் என்ற ஒரு அடிப்படை நிரல் ஓடுகிறது. எந்தச் சில்லோடு, அதாவது சிப்போடு, எப்படிப் பேச வேண்டும் என்று அதற்குச் சொல்லித் தருவது டிரைவர். இந்தக் கெர்னல் ஒரு கம்பெனியின் சொத்து அல்ல, உலகத்துக்கே பொது. யார் வேண்டுமானாலும் ஒரு திருத்தத்தை மெயிலில் அனுப்பலாம். அதை பேட்ச் என்பார்கள். எல்லோரும் பார்க்கிற இடத்தில் அது நிற்கும், கேள்வி கேட்பார்கள், தேறினால் சேர்ப்பார்கள். பேட்சின் கீழே எழுதியவர் பெயரும், சோதித்தவர் இருந்தால் சோதித்தவர் பெயரும் இருக்கும். கோயில் கல்வெட்டு மாதிரிதான், ஒருமுறை ஏறிவிட்டால் அழியாது.

எங்கள் டிரைவர், பெட்டிக்குள் இருக்கிற இடம் காட்டும் சில்லுக்கானது. அதைப் பொதுக் கெர்னலில் ஏற்றிவிட்டால் கம்பெனிக்குப் பெரிய பெயர். ஆனால் அங்கே ஒரு விதி உண்டு. உன் இயந்திரத்தில் ஓடினால் மட்டும் போதாது. உலகத்தில் பல வகைச் செயலிகள், அதாவது ப்ராசஸர்கள், இருக்கின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் இந்த நிரல் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இயந்திரங்கள் கையில் இருக்க வேண்டும் என்றில்லை. வேற்றூர்ப் பாஷையில் கடிதம் எழுதி, அந்த ஊர் ஆளிடம் காட்டி, படிக்க முடிகிறதா என்று கேட்கிற மாதிரி, இங்கே உட்கார்ந்தபடியே அந்தந்தச் செயலியின் பாஷைக்கு மாற்றி, அதாவது கம்பைல் செய்து, பார்க்கலாம். அதுதான் என் வேலை. ஓட்டிப் பார்ப்பதல்ல, ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது. பிறவிப் பயந்தாங்கொள்ளிக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. பூட்டை இழுத்துப் பார்ப்பதற்கே சம்பளம்.

ஒரே சொல்லுக்கு ஒவ்வொரு செயலியிலும் ஒவ்வொரு அளவு இருக்கும் என்று படித்தபோது மற்றவர்கள் குழம்பினார்கள். எனக்கு அது புதிதே இல்லை. கடலில் ஆழத்தையும் கயிற்றையும் பாகத்தில் அளப்போம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு பாகம். நெட்டையனுக்கு அது நீளம், குட்டையனுக்குக் குறைவு. அதனால் எங்கள் ஊரில் கயிறு கடன் வாங்குகிறவன் முதலில் கேட்பது, "யார் கைப் பாகம்?" என்றுதான். என் அண்ணன் நெட்டை. அவன் கைப் பாகம் என்றால் ஊரில் தனி மரியாதை. ஒருமுறை பக்கத்து வள்ளத்துக்காரர், குள்ளமான ஆள், பதினைந்து பாகம் என்று சொல்லிக் கொடுத்த நங்கூரக் கயிறு தரையைத் தொடாமல் தொங்கி, அண்ணனின் வள்ளம் பாரில் போய் இடித்தது. பார் என்றால் கடலுக்கு அடியில் கிடக்கிற பாறைத் திட்டு, அந்தக் காலத்தில் முத்து எடுத்தார்களே, அது. "பொய் சொல்லல அவரு. அவரு கைக்கு அது பதினஞ்சுதான். நான்தான் கேக்கல" என்று அண்ணன் சொன்னான்.

லாங் என்று ஒரு எண் வகை உண்டு. எங்கள் புதுப் பெட்டியில் இருக்கிற செயலியில் லாங் என்றால் பெரிய அண்டா. பழைய பெட்டியின் சின்னச் செயலியில் அதே லாங் ஒரு செம்பு. புதுப் பெட்டி விசைப்படகுகளுக்குப் போனது. பழையது வள்ளங்களில் இருந்தது. என் அண்ணன் வள்ளத்திலும் அதுதான். நிரல் இரண்டுக்கும் ஒன்று.

அந்த பேட்சை சாரே எழுதினார். படகு இருக்கிற இடத்தைக் கணக்கிடுகிற பகுதி. ஒரு பெரிய எண்ணைப் பெருக்கி, பிறகு வகுக்க வேண்டும். புதுச் செயலிக்குப் போட்டேன், போனது. சின்னச் செயலிக்குப் போட்டேன், சிவப்பு. அவ்வளவு பெரிய எண்ணை வகுக்க அந்தச் செயலிக்கு நேர்வழி கிடையாது, அதற்கென்று கெர்னலில் ஒரு உதவி வைத்திருக்கிறார்கள், அதைக் கூப்பிட வேண்டும். ஒரு வரி வேலை. அதைத்தான் போய்ச் சொன்னேன். சார் அன்றைக்கு அவசரத்தில் இருந்தார். எண்ணின் வகையை அழித்துவிட்டு லாங் என்று போட்டார். "இப்ப போடு" என்றார். போட்டேன். சிவப்பு போய்விட்டது. ஆனால் மஞ்சளில் ஒரு வரி வந்தது. நிரலில் 'எண் இந்த அளவைத் தாண்டிவிட்டதா?' என்று ஒரு கேள்வி இருந்தது. மஞ்சள் வரி சொன்னது இதுதான்: இந்தக் கேள்விக்கு இங்கே எப்போதும் 'இல்லை' என்றே பதில் வரும்.

அதை நான் விடவில்லை. சாயங்காலம் அவர் ஹார்பருக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்ததும் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"சார், செம்புல அண்டாத் தண்ணி ஊத்துதோம். தாண்டிட்டான்னு கேட்டா தாண்டலன்னுதான் சொல்லும். செம்பு அளவுக்கு மேல அதுக்குத் தெரியவே தெரியாதுல்லா."

"ஹார்பர்ல வச்சுப் பழைய பெட்டியையும் பார்த்தாச்சுளா. இடம் கரெக்டா காட்டுது."

"ஹார்பர் கரைதானே சார். தூரமா போனா எண்ணு பெருசாகும்லா? லாங்னு போட்டா யார் கைப் பாகம் சார் அது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் குடையை எடுத்தார். கொழும்பு, மழை, எல்லாம் வந்தது. "பழைய பெட்டி வச்சிருக்கவன் புதுசு வாங்கட்டும். எத்தனை நாளைக்கு அவனுக்காக நாம குனிஞ்சு நடக்க?" என்றார். நான் 'தேறவில்லை' என்று எழுதி, மஞ்சள் வரியையும் சேர்த்து, அவருக்கு மெயில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை பேட்ச் பொதுவில் ஏறியிருந்தது. கீழே எழுதியவர் என்று சார் பெயர். அதற்குக் கீழே, சோதித்தவர் என்று என் பெயர்.

இரண்டு தடவை வாசித்தேன். என் பெயர் ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அச்சில் வந்ததில்லை. அது முதன்முதலாக உலகத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது, ஒரு பொய்யின் கீழே. நேராக அவர் மேசைக்குப் போனேன்.

"நான் தேறலன்னுல்லா சொன்னேன் சார்?"

"யாராவது ஒருத்தர் பேரு வேணும்ளா, அப்பதான் சீக்கிரம் எடுப்பான். உன் பேரு உலகம் பூரா போகுது, சந்தோசப்படுவியா, அத விட்டுட்டு..."

"எடுத்துருங்க சார்."

"அடுத்த வெர்சன்ல எடுத்துருவோம்."

எடுக்கவில்லை. அடுத்த வெர்சன் வேண்டியிருக்கவில்லை, அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். வெளியே அந்தப் பெயரைப் பார்த்தவர்களுக்கு நான் யாரென்று தெரியாது. ஒரு பெண் சோதித்திருக்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருப்பார்கள். என் பயத்தைத்தான் அவர் எடுத்து முத்திரையாகக் குத்திவிட்டார். அதை நினைத்தால் இப்போது எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன். வள்ளங்களில் இருந்த பழைய பெட்டிகளுக்கெல்லாம் அந்த நிரல் போய்ச் சேர்ந்தது.

கச்சான் வீசுகிற மாதம். கச்சான் மேற்கே தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. எஞ்சின் நின்றுபோன வள்ளத்தை அது கரைக்குக் கொண்டுவராது, வெளியே தள்ளிக்கொண்டே போகும். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் திரையில் சிவப்பு விளக்கு மின்னியது. யாரோ ஆரஞ்சுப் பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். அந்தச் செய்தி முதலில் எங்களுக்குத்தான் வரும், நாங்கள் பார்த்து மீட்புக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பார்த்ததும் ஒரே சிரிப்பு. சிவப்புப் புள்ளி கடலில் இல்லை. எட்டயபுரத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் நின்றது.

"ஏலே, பருத்திக் காட்டுல மீன் பிடிக்கான்டே!"

"பெட்டிய எவனோ பஸ்ஸுல கொண்டு போறான். பிள்ளைங்க அமுக்கியிருக்கும்" என்றார் சார்.

நான் புள்ளியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த வள்ளத்து எண்ணைப் பார்த்தேன். அது என் அண்ணன் வள்ளம்.

அண்ணன் பெண்டாட்டி, என் மைனிக்குப் போன் போட்டேன். அண்ணன் நேற்று மாலை ராத்திரி கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கலுக்குப் போனவன், காலையில் திரும்பியிருக்க வேண்டும், இன்னும் காணோம் என்றாள். நான் சாரிடம் ஓடினேன். அண்ணன் கடலில் இருக்கிறான், பெட்டிதான் இடத்தைத் தப்பாகச் சொல்கிறது, மீட்புக்காரர்களுக்குச் சொல்லுங்கள் என்றேன். 

"எங்க தேடச் சொல்ல? எட்டயபுரத்துக்குக் கப்பல் அனுப்பச் சொல்லுதியா?"

"கடல்ல, சார். கடல்ல எங்கயாவது."

"திரையில காட்டுக்குள்ள நிக்கி. இத நான் மேல சொன்னா என்னைத்தான் பைத்தியம்பான். உனக்கு எல்லாத்துக்கும் பயம்ளா. கொஞ்சம் உக்காரு, தண்ணி குடி."

தவறுதலாக அழுத்தப்பட்டது என்று பதிந்து, சிவப்பு விளக்கை அணைத்தார். என் கண் முன்னால் அணைத்தார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அவருக்குத் திரை காட்டியது உண்மை, நான் சொன்னது பயம். அந்தத் திரை பொய் சொல்லும் என்று எழுதிக் கொடுத்ததே நான்தான் என்பது அந்த நிமிஷத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அதுதான் என் கோபம். கேட்காமல் விட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கேட்டதை மறந்ததை எப்படிப் பொறுப்பது?

நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஊர்க் கரையில் வள்ளங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். திரையும் புள்ளியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒருத்தன் வரவில்லை, கச்சான் அடிக்கிறது, கிழக்கே போயிருப்பான். இவ்வளவுதான் கணக்கு. மைனி, கல்லில் குகை மாதிரி கட்டிய கெபியின் முன்னால் மாதாவுக்கு மெழுகுதிரி வைத்தாள், காற்றில் அது அணைந்துகொண்டே இருந்தது. மறுநாள் மதியத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணனும் கூடப் போனவரும் உயிரோடு இருந்தார்கள். எஞ்சினைச் சுற்றும்போது கைப்பிடி திருப்பி அடித்து அண்ணனின் இடது முழங்கை நொறுங்கியிருந்தது. அந்தக் கையோடு ஒரு ராத்திரி முழுக்க வள்ளத்தில் கிடந்திருக்கிறான். தண்ணீர் தீர்ந்த பிறகு பேச்சும் நின்றுவிட்டதாம். "பொத்தான அமுக்கிட்டோம், வந்துருவாவ, வந்துருவாவன்னு பார்த்துக்கிட்டே கெடந்தோம்" என்று கூடப் போனவர் சொன்னார். "என் தங்கச்சி அந்த ஆபீஸ்லதானே இருக்கான்னு பேச்சு நிக்குத வரைக்கும் உங்க அண்ணன் சொல்லிக்கிட்டே கெடந்தாரு" என்றார்.

அந்த வரியை நான் எங்கே வைத்துக்கொள்வது?

ஆஸ்பத்திரிக்கு சார் வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். அண்ணன் கையைப் பார்த்ததும் அவர் கண் நிறைந்துவிட்டது. அது நடிப்பில்லை, எனக்குத் தெரியும். அண்ணன் ஒன்றும் தெரியாமல், "சாருதான் என் தங்கச்சிய ஆளாக்கினவரு" என்று நல்ல கையைத் தூக்கிக் கும்பிட்டான். எனக்கு அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்க வேண்டும் போல இருந்தது.

அந்த வாரமே சார் தப்பைக் கண்டுபிடித்துவிட்டார். எண் ஒரு அளவைத் தாண்டினால் செம்பு வழிவதோடு நிற்காது, கணக்கே தலைகீழாகி, கிழக்கு மேற்காகிவிடும். கரைக்குப் பக்கத்தில் சரியாகக் காட்டும், ஆழக்கடலுக்குப் போன வள்ளத்தைக் கொண்டுபோய்க் காட்டில் வைக்கும். அதைச் சரிசெய்து புது பேட்ச் அனுப்பினார், நான் முதல்நாளே சொன்ன அந்த ஒரே வரி. பேட்சின் தலைப்பைப் பார்த்தேன். 'சிறு துப்புரவு' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார். என்ன தப்பு, யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு சொல் இல்லை. வீட்டைக் கூட்டிப் பெருக்கினாராம்.

"துப்புரவா சார்? எங்க அண்ணன் கை குப்பையா?"

அவர் கதவைச் சாத்தினார். அப்படிப் பேசியதே இல்லை நான். "ஏளா, எழுதிட்டா ஆர்டர் போயிரும். இங்கன இருக்க எல்லாரும் தெருவுல நிக்கணுமா? எல்லாரும் குடும்பஸ்தன். சரி பண்ணியாச்சுல்லா? உங்க அண்ணன் உசுரோட இருக்காருல்லா?" என்றார்.

குடும்பம் என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அவருக்குக் குடும்பம் என்றால் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவை மட்டும். உலகத்தில் வேறு எங்கெங்கோ இதே சின்னச் செயலியோடு, இதே டிரைவரோடு மிதக்கிற பெட்டிகள் இருக்கலாம். துப்புரவு என்று தலைப்பிட்டால் அவர்களில் யார் அவசரமாக அதை எடுத்துப் போடுவார்கள்? கொழும்பில் நனைகிறவனுக்கு மழை என்று சொல்லக்கூட ஆளில்லை.

அன்று மத்தியானமே, அகராதியை வைத்துக்கொண்டு, என் ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷில் அந்தப் பொது இடத்துக்கு நானே பதில் எழுதினேன். இலக்கணம் எப்படி இருந்ததோ தெரியாது. சொன்னது இதுதான்: முந்தின பேட்சில் சோதித்தவர் என்று இருப்பது என் பெயர். நான் சோதித்தேன், அது தேறவில்லை. என்னைக் கேட்காமல் பெயர் போட்டார்கள். கடலில் ஆபத்தில் இருந்த வள்ளம் தரையில் இருப்பதாகக் காட்டியது. இது துப்புரவு அல்ல. அனுப்புகிற பொத்தானில் விரல் வைத்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. வேலை போய்விடும், கேஸ் போடுவார்கள், அண்ணன் ஆஸ்பத்திரிச் செலவு என்ன ஆகும் என்று என்னென்ன பயம் உண்டோ அத்தனையும் வரிசையாக வந்து நின்றது. கடைசியில் வள்ளத்தில் கிடந்து ஆரஞ்சுப் பொத்தானை அமுக்கியவனை நினைத்துக்கொண்டு அமுக்கினேன்.

முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பதில் போட்டார். நன்றி, எந்தக் கம்பைலர், அந்த மஞ்சள் வரியை அப்படியே அனுப்ப முடியுமா என்று கேட்டார். சிரிக்கவில்லை. அனுப்பினேன். தலைப்பை மாற்றச் சொன்னார்கள், நடந்ததை எழுதச் சொன்னார்கள், பழைய கெர்னல்களுக்கும் அந்தத் திருத்தத்தைக் கொண்டுபோனார்கள். சார் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆர்டரும் போகவில்லை. எனக்கு இன்னும் எரிவது அதுதான். உண்மையைச் சொன்னதால் ஒரு நாற்காலிகூடக் கவிழவில்லை. அதற்குப் பயந்தா அவ்வளவையும் மூடினீர்கள்? அன்றிலிருந்து அவர் என்னை வார்னிங் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். "மேடம்" என்றார். பெங்களூருக்குப் போகும் வரைக்கும் மேடம்தான்.

திருத்தம் ஏறிவிட்டது, ஆனால் பழைய பேட்ச் அழியவில்லை. பொது வரலாற்றில் எதையும் அழிக்க மாட்டார்கள். யார் போய்ப் பார்த்தாலும் இன்றைக்கும் அந்தப் பிழையின் கீழே என் பெயர் இருக்கிறது, சோதித்தவர் என்று. என் பிள்ளைகள் காலத்திலும் இருக்கும்.

அண்ணன் கை கூடிவிட்டது, ஆனால் வளைந்து கூடிவிட்டது. நேரத்தோடு கொண்டுபோயிருந்தால் நிமிர்த்தியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். முழங்கை இப்போது முழுதாக நீளாது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்து வள்ளத்துப் பையனுக்கு அண்ணன் கயிறு அளந்து கொடுத்துக்கொண்டிருந்தான். வலது கை முழுக்க விரிகிறது, இடது கை பாதியில் நின்றுவிடுகிறது. பையன் வழக்கம்போலக் கேட்டான், "யார் கைப் பாகம்ணே?"

அண்ணன் கையைப் பார்த்துக்கொண்டான். "என் கைதான். ஆனா பழைய கை இல்லடே. ரெண்டு பாகம் கூடவே வச்சிருக்கேன், கொண்டு போ" என்றான். பையன் சிரித்தான். அண்ணனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலர் வேலை பார்க்கிற பிள்ளை இன்று காலையில் மறுபடி வந்தது. பக்கத்தைக் கேட்டது, கூடவே, "சார் அந்தக் குடைய ஞாபகமா அனுப்பி வைக்கச் சொன்னாருக்கா, ராசியான குடையாம்" என்றது. ஆணியிலிருந்து எடுத்தேன். பேக் செய்வதற்கு முன்னால் காதோரம் வைத்து ஆட்டினேன், பழக்கம் போகுமா? உள்ளே ஏதோ கிலுங்கியது. இத்தனை வருஷத்தில் அந்தக் குடையை யாரும் விரித்து நான் பார்த்ததில்லை. ஆபீசுக்கு நடுவில் நின்று விரித்தேன். ஒரு கம்பி முறிந்து தொங்கியது. மடிப்போடு மடிப்பாகத் துணி இற்றுப்போய், வெளிச்சம் உள்ளே வந்தது.

"என்னக்கா, ஆபீசுக்குள்ள குடை?" என்றது அந்தப் பிள்ளை.

"கொழும்புல மழை" என்றேன்.

அப்படியே மடித்து, இந்தப் பக்கங்களோடு சேர்த்துக் கட்டினேன். பிடியில் இருந்த மஞ்சள் கயிற்றில் ஒரு அட்டைத் துண்டைக் கோத்து, அதில் எழுதினேன்: விரித்துப் பார்த்தேன். தேறவில்லை. சோதித்தவர்.

அதற்குக் கீழே, இந்தத் தடவை என் கையாலேயே, என் பெயர்.